கணினித் தேடலும் தமிழெழுத்தும்

மாந்தர் வினவுதற்கும் கணினி விடையிறுத்தற்கும் நடுவே நிற்பது இடைமுகம். அது செவ்விதின் அமையாதவிடத்து நேரும் இடர்களுள் தலையாயது, பயனர் உள்ளக்கருத்தும் பொறியின் உள்ளமைப்பும் வேறுபடுதலாம். இவ்வேறுபாட்டை டொனால்டு நார்மன் 1988-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். பயனர் அறிந்த சொல்லாலும் முறையாலும் பொறி உரையாடல் வேண்டும் என்பது, யாக்கோபு நீல்சன் 1994-இல் வகுத்த 10 நெறிகளுள் ஒன்று. தமிழ் நூல்களிற் சொல் தேடுவோரை இவ்விடர் எங்ஙனம் தாக்குகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

புள்ளி பெற்ற வடிவே மெய்யின் இயல்பு வடிவு. அகரம் ஏறப் புள்ளி நீங்கும். இது தொல்காப்பியனார் கொள்கை. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்போ, இந்திய எழுத்துகட்குப் பொதுவாக 1988-இல் வகுக்கப்பட்ட குறியீட்டு முறையைத் தழுவியது. அதன்படி அகரம் ஏறிய ககரமே அடிப்படை. 'க்' என்பது ககரமும் புள்ளியுமாகிய 2 குறியெண்கள். 'தமிழ்' என்பது நமக்கு 3 எழுத்து. பொறிக்கு 5 குறியெண். குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் கருவிகளில் இதனால் மூவகைப் பிழைகள் விளைகின்றன.

முதலாவது, உள்ளது காணாமை. ஒகரக் குறியைத் தனியொரு குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஆதலின் 'கொற்றவை' என்னும் சொல் ஒரு கோப்பில் 7 குறியெண்ணாகவும் மற்றொன்றில் 8 ஆகவும் இருத்தல் கூடும். இரண்டும் நிகரென ஒருங்குறித் தரம் கூறுகின்றது; திரையிலும் வேறுபாடு தோன்றாது. எனினும், இரண்டனையும் ஒருவடிவாக்காத கருவி ஒன்றைத் தேடுங்கால் மற்றொன்றைக் காணாது.

இரண்டாவது, வேண்டாதது சேர்தல். 'கண' எனத் தேடின் 'கண்' என்பதும் வந்து சேரும். பின்னதன் முதலிரு குறியெண்களும் அவையே ஆகலின்.

மூன்றாவது, முறை பிறழ்தல். குறியெண் வரிசையில் ககர உயிர்மெய்கள் அனைத்திற்கும் பின்னரே 'க்' நிற்கும். னகரம் நகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்திற்கு முன்னும் வரும். அவ்வரிசையில் அமைந்த சொல்லடைவு அகராதி முறைக்கு ஒவ்வாது.

இவற்றுள் பின்னிரண்டும் கண்ணுக்குப் புலனாவன, ஆராய்வோர் திருத்திக்கொள்வர். முதலாவதோ மறைந்து நின்று கெடுப்பது. ஒரு சொல் வழங்காமை கொண்டு நூலின் காலத்தை உய்த்துணர்தல் நம் துறையிற் பயின்ற முறை. 'இல்லை' எனப் பொறி கூறிய விடையை நூலின் சான்றாகக் கொள்ளின், குறியெண் வேறுபாடு காலவரையறையாக மாறிவிடும்.

இதற்குத் தீர்வு அரிதன்று. வினாவையும் நூற்பாடத்தையும் ஒருவடிவாக்கிய பின்னரே கருவி ஒப்பிடல் வேண்டும். முழுவெழுத்து நோக்கியோ சொன்முதல் நோக்கியோ தேடும் உரிமையைப் பயனர்க்கு அளித்தல் வேண்டும். விடை சுழியமாயின், எவ்வடிவை எப்பதிப்பில் தேடியது என்பதனையும் திரையிற் காட்டுதல் வேண்டும். 'கிடைக்கவில்லை' என்பது வேறு. 'இல்லை' என்பது வேறு.

கருவி அவ்வாறு அமையுங்காறும், வழக்கின்மையைச் சான்றாகக் காட்டுவோர் தேடிய வடிவங்களையும் பதிப்பையும் உடன் குறித்தலும், ஐயமுற்ற இடத்து ஏட்டையோ அச்சுநூலையோ நேரிற் புரட்டிக் காண்டலும் கடனாம் என்பது நம் துணிபு.