போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்றீங்களா? ஒட்டடையோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய 5 இடங்கள்

மார்கழி கடைசி வாரம் வந்துவிட்டால், தமிழ்நாட்டில் பல வீடுகளில் பாதிப் பொருட்கள் வாசலுக்கு வந்துவிடும். பீரோ நகரும், பரண் காலியாகும், சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் சிலிண்டரும் வெளியே வரும். ஆண்டு முழுக்க யார் கையும் படாத மூலைகள் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டு, மூன்று நாட்களில்தான்.

அந்த மூலைகளில் தூசி மட்டும் இருப்பதில்லை. காலாவதியான கேஸ் டியூப், எலி கடித்த ஒயர், லேபிள் இல்லாத பாட்டில் எல்லாம் அங்கேதான் கிடக்கும். துடைத்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தால், அடுத்த போகி வரை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால், சுத்தம் செய்யும்போதே எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

1. சமையலறை: டியூபில் இருக்கும் வருஷத்தைப் பாருங்க

ரெகுலேட்டரை மூடிவிட்டு, அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூபை முழு நீளத்துக்கும் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூபை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலாவதி ஆண்டு அதிலேயே அச்சாகியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருக்கலாம். விரிசலோ எலி கடித்த தடமோ இருந்தால், அந்த ஆண்டு வரை காத்திருக்கக் கூடாது.

சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். உதாரணமாக, 'பி-28' என்றால் 2028 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் ஏஜென்சியிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவித்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சியைக் கொளுத்தி அல்ல. சமையல் எரிவாயு காற்றைவிட கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

2. பாத்ரூம்: ரெண்டையும் கலக்காதீங்க

"ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டா பளிச்சுனு ஆயிடும்" என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. உண்மையில் இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுவாயு வெளியாகும். கழிவறையைக் கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சிறிய பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இப்படிக் கலந்தால் கண், தொண்டை, நுரையீரல் பாதிக்கப்படும். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றை மட்டும், கதவைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். மூச்சுத் திணறினால் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

தவழும், தளிர்நடை போடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தண்ணீர் நிரம்பிய பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. கொஞ்சம் தண்ணீரே ஆபத்தாகிவிடும்.

3. மின்சாரம்: ஈரத்துணிக்கு முன்னாடி மெயின்

ஃபேன், சுவிட்ச் போர்டு துடைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மீட்டர் பெட்டி பக்கத்தில் 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்சிசிபி கருவி இருக்கிறதா என்று பாருங்கள். வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லி ஆம்பியர் கருவி, அந்த அளவு மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மின்சாரம் இருக்கும்போது டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். "எம்சிபி இருக்கே, போதாதா?" என்றால், போதாது. அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து ஒயரைக் காக்கும். ஷாக்கிலிருந்து ஆளைக் காக்காது.

4. பரண்: அந்தப் பாட்டில்ல என்ன இருக்கு?

பழைய குளிர்பான பாட்டிலில் தின்னர், தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய் என்று ஊற்றி வைத்திருப்பார்கள். ஊற்றியவருக்குத் தெரியும், தாகத்தோடு வரும் குழந்தைக்குத் தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடை விதித்துள்ளது. ஆனாலும், எப்போதோ வாங்கிய டியூப் பரணில் கிடக்கலாம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. சாப்பிட்ட முதல் நாளில் பெரிய அறிகுறி தெரியாமல் இருக்கலாம். சில நாட்களில் கல்லீரல் செயலிழக்கும். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று வீட்டில் வைத்துக் காத்திருப்பதுதான் உயிருக்கே ஆபத்தாகிறது. வாயில் பட்டது என்ற சந்தேகம் வந்தாலே கிளம்பிவிட வேண்டும்.

இந்த பேஸ்ட், மீந்த பூச்சிமருந்து போன்றவற்றைத் தனிப் பையில் கட்டி, மேலே என்னவென்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். அவர் வெறுங்கையோடு பிரிக்க நேரிடலாம்.

5. போகித் தீ: எது போகக் கூடாது?

டயர், பிளாஸ்டிக், ரெக்சின் எரிந்தால் வரும் புகை நச்சு. ஸ்பிரே டப்பாவும் பேட்டரியும் தீயில் வெடிக்கும். எலி பேஸ்டில் இருக்கும் பாஸ்பரஸ் தானாகவே தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. இவை எதையும் குவியலில் போடாதீர்கள்.

கடைசியாக, பொருட்களைத் திரும்ப அடுக்கும்போது கனமான பாத்திரங்களைப் பரணுக்கு ஏற்றாமல் கீழேயே வையுங்கள். அடுத்த வருடம் நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு அதை இறக்கப்போவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மாவாகத்தான் இருக்கும்.