28 நாளுக்குள் மூட வேண்டிய குழாய்

தீபாவளிக்கு வீட்டில் சோமாசு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வட்டமாகத் தேய்த்த மாவின் நடுவில் பூரணத்தை வைத்து, ஓரங்களைத் தூக்கி ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துவார்கள். ஓரிடத்தில் ஓரம் சரியாக ஒட்டாமல் போனால் என்ன ஆகும்? எண்ணெயில் போட்டதும் அந்த இடம் வாய் பிளந்து பூரணம் வெளியே வந்துவிடும்.

நாம் ஒவ்வொருவரும் தாய் வயிற்றில் உருவானபோது ஏறக்குறைய இதே வேலை நடந்தது. கரு உண்டாகி 18 நாட்கள் ஆனதும் அதன் முதுகுப்புறத்தில் தட்டையான ஒரு தகடு தோன்றுகிறது. அதன் இரண்டு ஓரங்களும் எழும்பி மடிந்து, 22ஆம் நாள் அளவில் கழுத்துப் பகுதியில் முதலில் சந்திக்கின்றன. அங்கிருந்து மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்டே போகின்றன. தலைப்பக்கம் 25ஆம் நாள் அளவிலும், கீழ்ப்பக்கம் 28ஆம் நாள் அளவிலும் மூடிவிடும். இப்படி உருவாகும் குழாய்க்கு நரம்புக்குழல் என்று பெயர். இதன் மேல்முனை மூளையாகிறது, மீதி தண்டுவடமாகிறது. அப்போது கரு ஒரு நெல்மணியின் நீளம்கூட இருக்காது!

தலைப்பக்கம் மூடாமல் போனால் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால், முதுகெலும்பின் வளையங்களும் அந்த இடத்தில் பின்புறம் சேராமல் நின்றுவிடுகின்றன. குழந்தை பிறக்கும்போதே இடுப்புக்கு அருகில் நீர்ப்பை போன்ற ஒரு புடைப்பு இருக்கும். இதை ஸ்பைனா பைஃபிடா என்கிறார்கள். முதுகுப்பிளவு என்று நாம் சொல்லலாம். அந்தப் பைக்குள் இருப்பது வெறும் நீர் அல்ல. தண்டுவடத்தின் ஒரு பகுதியும் நரம்புகளும் அதில் சிக்கியிருக்கும். ஆகவே அதற்குக் கீழே உள்ள கால்களில் வலு குறையும். சிறுநீர்ப்பை நிறைந்ததும் குழந்தைக்குத் தெரியாது.

கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தாள், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு தவிக்கும் தாயின் மேல் இந்தப் பழியும் சேருவது பெரிய கொடுமை.

சரி, காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்தில் இப்படி ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்ய வேண்டும்? குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும். புடைப்பை அழுத்தாமல், கிருமி நீக்கிய ஈரத் துணியால் மூட வேண்டும். கைமருந்து எதுவும் பூசக்கூடாது. 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. நரம்பியல் அறுவைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை; காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நரம்புகளை உள்ளே வைத்து, மேலே தசையையும் தோலையும் இழுத்து மூடிவிடுவார்கள். கிருமி உள்ளே போகாமல் இருப்பதற்காகவே இந்த அவசரம். இழந்த நரம்பின் வேலையை அறுவை திருப்பித் தருவதில்லை, மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றுகிறது.

அத்துடன் முடிவதில்லை. இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கித் தலை பெருக்கத் தொடங்கும். மூளையில் இயல்பாகவே ஊறும் நீர் வடிந்து போக வழியில்லாததுதான் காரணம். ஒரு குழாய் வைத்து வடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் நீர் ஒரு பக்கமாக மட்டும், அளவாகப் போக வேண்டும்; இரத்தம் திரும்பி ஏறக்கூடாது. நம்பிப் பயன்படுத்தக்கூடிய அப்படிப்பட்ட வால்வு 1950களின் தொடக்கத்தில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்று ஓர் இயந்திரத் தொழிலாளி. 1955இல் அவருக்கு முதுகுப்பிளவுடன் ஒரு மகன் பிறந்தான். பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் மகனின் படுக்கை அருகே உட்கார்ந்திருந்தவர், ரப்பர் குழாயில் ஊசி குத்தி எடுத்த பிறகும் அந்தத் துளை தானே மூடிக்கொள்வதைக் கவனித்தார். ரப்பரில் ஒரு கீறல் போட்டால், உள்ளே அழுத்தம் ஏறும்போது திறக்கும், குறைந்ததும் மூடும் அல்லவா? வீட்டிலேயே உட்கார்ந்து செய்து பார்த்தார். உடம்புக்கு ஒத்துப்போகும் சிலிக்கோன் என்ற பொருள் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. 1956இல் வால்வு தயாராகிவிட்டது. மகன் நெடுநாள் வாழவில்லை. ஆனால் அந்த வால்வும் அதன் வழியில் வந்தவையும் உலகெங்கும் கணக்கற்ற குழந்தைகளைக் காப்பாற்றின. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில், சாப்ரா என்ற மருத்துவரின் பெயரால் இத்தகைய வால்வு மலிவாகத் தயாராகிறது.

சிறுநீர்ப்பைக்கு வந்த தீர்வு இன்னும் எளியது. மெல்லிய குழாயைச் செலுத்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வடித்துவிட வேண்டும். முன்பெல்லாம் கிருமி நீக்கிய கருவிகள் இல்லாமல் இதைச் செய்ய முடியாது என்று கருதினார்கள். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லேபிடஸ், சோப்புப் போட்டுக் கைகழுவி, சுத்தமான குழாயைப் பயன்படுத்தினாலே போதும் என்று காட்டினார். தேங்கிய சிறுநீர் சிறுநீரகங்களைக் கெடுப்பது இதனால் பெருமளவு குறைந்தது. விவரம் தெரிந்த பிள்ளைகள் தாங்களே இதைச் செய்துகொள்கிறார்கள். அப்படி ஒரு மாணவி உங்கள் வகுப்பில் சேர்ந்தால் அவளுக்கு என்ன தேவைப்படும்? முதலில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, குழாயில் தண்ணீர், இரண்டாம் பாடவேளை முடிந்ததும் எழுந்து போக அனுமதி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும் பள்ளிகள்கூட இதை மறந்துவிடுகின்றன.

இனி, இது ஏன் வருகிறது என்ற கேள்விக்கு வருவோம். பரம்பரைக்கும் வேறு சில காரணங்களுக்கும் பங்கு உண்டு. மிகப் பெரிய காரணம் ஒன்று கீரையிலிருந்து பிடிபட்டது. அந்தக் கதையில் நம் சென்னைக்கும் இடம் உண்டு.

1928இல் இந்தியா வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாயில் ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வரும் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் நோய் மறைந்தது. அதில் உள்ள சத்து எது? 1941இல் அமெரிக்காவில் 4 டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம்; எனவே ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்! கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். அவருடைய அண்ணனைக் கொன்ற ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கும் இதே அமிலம் மருந்தாயிற்று.

உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் புதிதாக நெய்ய வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. நரம்புக்குழலின் ஓரங்கள் ஓடிச்சேரும் நாட்களில் உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று நினைத்துப் பாருங்கள். 1965இல் லிவர்பூலில் ஹிப்பர்டு, ஸ்மிதல்ஸ் என்ற இருவர் இந்தச் சந்தேகத்தை எழுப்பினார்கள். உறுதிப்பட 26 ஆண்டுகள் ஆயின. ஏற்கெனவே இக்குறையுடன் குழந்தை பெற்ற 1817 பெண்களை 7 நாடுகளில் சேர்த்து, சிலருக்கு ஃபோலிக் அமிலம் உள்ள மாத்திரை, சிலருக்கு அது இல்லாத மாத்திரை கொடுத்தார்கள். எது யாருக்கு என்று கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. அமிலம் பெறாதவர்களிடம் 21 கருக்களுக்கும், பெற்றவர்களிடம் 6 கருக்களுக்கும் மட்டுமே குறை வந்தது. 1991இல் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். விடை தெரிந்த பிறகும் பாதிப் பேருக்கு மருந்தை மறுப்பது முறையல்ல அல்லவா?

இங்கேதான் சிக்கல். தான் கர்ப்பம் என்று தாய் உறுதி செய்துகொள்வதற்குள் 28 நாள் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. அதற்குப் பிறகு மாத்திரை சாப்பிட்டால் இரத்தசோகைக்கு நல்லது. திறந்து நின்ற குழாய் மூடாது. ஆகவே கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 0.4 மில்லிகிராம் வேண்டும்.

அகத்திக்கீரையிலும் பயறுகளிலும் இச்சத்து உண்டு. ஆனால் நீரில் கரைந்துவிடும்; வெப்பத்தில் ஓரளவு அழியும். கீரையை வேகவைத்து நீரைக் கொட்டுபவர்கள் சத்தையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். அரிசி கழுவிய நீரில் கீரையை வேகவைத்துச் சாறோடு பரிமாறும் செட்டிநாட்டுக் கீரைமண்டி இந்த வகையில் கெட்டிக்காரச் சமையல்தான். என்றாலும் உணவை மட்டும் நம்பித் தேவையான அளவை எட்டுவது கடினம். அமெரிக்காவில் 1998 முதல் கோதுமை மாவிலேயே இதைச் சேர்ப்பது கட்டாயமானது. அங்கே முதுகுப்பிளவு குறைந்தது.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையிலும் இரும்புடன் 0.5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியவர்கள் அதைச் சன்னல் வழியே எறிவதும் உண்டு. மதிய உணவுக்குப் பிறகு போட்டால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் அது இரத்தசோகைக்காக அளந்த மாத்திரை. வாரம் ஒருமுறை மாத்திரையால் முதுகுப்பிளவையும் தடுக்க வேண்டுமானால் அதில் 2.8 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ அடுத்த மாதம் திருமணம் என்றால், கிராமச் சுகாதார செவிலியரிடம் தினசரி மாத்திரையைப் பற்றி இப்போதே கேட்கச் சொல்லுங்கள். முன்பு இக்குறையுடன் குழந்தை பெற்ற தாய்க்கு அளவு வேறு: அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே, மருத்துவர் மேற்பார்வையில், பத்து மடங்கு.