குட்டிகளுக்காக மூடப்படும் வாசல்

கடந்த பிப்ரவரியில் ஏழு மாதக் கைக்குழந்தையுடன் மூணாறு சென்றிருந்தோம். இரவிகுளம் தேசியப் பூங்காவைக் காண்பதே பயணத்தின் நோக்கம். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, நான்கு இடங்களில் வண்டியை நிறுத்திப் பாலூட்டி, மாலையில் விடுதியை அடைந்தபோதுதான் அங்கிருந்த பெரியவர் சொன்னார்: "பூங்கா இப்போது மூடியிருக்கும் அம்மா. வரையாடு குட்டி போடும் காலம். ஏப்ரலில் வாருங்கள்."

முன்கூட்டியே விசாரிக்காதது எங்கள் பிழை. ஆனாலும், பச்சைக் குழந்தையை அத்தனை தொலைவு சுமந்து வந்தவளுக்கு அந்த நேரத்தில் எரிச்சல்தான் வந்தது. ஆட்டுக்குட்டிகளுக்காக மனிதர்களைத் திருப்பி அனுப்புவதா என்று கேட்கவும் செய்தேன். அந்தக் கேள்விக்கான விடை இரண்டு மாதங்களுக்குப் பிறகே எனக்குக் கிடைத்தது.

இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சோலைக்காடும் புல்வெளியும் ஆகும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதன் எல்லைக்குள் இருக்கிறது. ஒருகாலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்த இந்த மலை, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் மாநில விலங்கான வரையாடு மிக அதிக எண்ணிக்கையில் வாழும் இடம் இதுவே. 2025-இல் கேரளமும் தமிழகமும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,668 வரையாடுகளே காணப்பட்டன. பெண் ஆடு ஏறத்தாழ ஆறு மாதம் சினையாக இருந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும். அந்த ஒரு குட்டி பிழைத்து வளர்வதற்காகவே ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பயணிகளுக்கு வாசல் மூடப்படுகிறது.

ஏப்ரலில் மீண்டும் புறப்பட்டபோது வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. "பல் முளைக்காத பிள்ளையைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா? அதற்கு என்ன நினைவிருக்கப் போகிறது?" என்றார் என் மாமியார். நினைவிருக்காது என்பது உண்மைதான். இந்தப் பயணம் குழந்தைக்காக அன்று, எனக்காக. பிரசவத்துக்குப் பின் ஒன்பது மாதங்களாக மருத்துவமனையையும் வீட்டையும் தவிர வேறெதையும் பார்த்திராத ஒரு தாய் மலையைப் பார்க்க விரும்புவதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆயினும், மாமியாரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மலைக்குக் குழந்தையை அழைத்துச் செல்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டே புறப்பட வேண்டும்.

முதலாவது, உயரம். பயணிகள் அனுமதிக்கப்படும் ராஜமலைப் பகுதி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் ஐந்தில் நான்கு பங்கே. நலமாக உள்ள குழந்தைக்குப் பொதுவாக இது இடர் தருவதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயம் அல்லது நுரையீரல் குறைபாடுள்ள குழந்தை என்றால் மருத்துவரின் ஆலோசனை கட்டாயம். ஏறும்போதும் இறங்கும்போதும் காதடைப்பால் குழந்தை அழும். அப்போது பாலூட்டினால், விழுங்கும் செயலே காதின் அழுத்தத்தைச் சமன்செய்துவிடும்.

இரண்டாவது, வெயில். மலையில் குளிர்கிறதே என்று பலரும் வெயிலை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பூசுவதைவிட, நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமே சிறந்தவை. அந்த வயதுவரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பயணத்திலும் இதுவே பாதுகாப்பானது.

மூன்றாவது, சாலை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்வது நம்மிடையே இயல்பாகிவிட்டது. திடீரென பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்கு உட்பட்டோரை இருக்கைப் பட்டையாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. மலைப்பாதையில் அபராதத்துக்கு அஞ்சுவதைவிட வளைவுகளுக்கு அஞ்சுவதே அறிவுடைமை.

நான்காவது, குளிர். இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். பூங்காவுக்குள் சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை. வனத்துறையின் பேருந்தில் சென்று இறங்கி, அங்கிருந்து மேலே நடக்க வேண்டும். குழந்தையை முதுகுப்பையில் சுமந்தபடி என் கணவர் ஏறினார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. மேற்சட்டையைக்கூடக் கழற்றிவிட்டார். குழந்தை அழவில்லை, அசையவும் இல்லை. எவ்வளவு சமர்த்தாக வேடிக்கை பார்க்கிறாள் என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். மூடுபனி இறங்கியபோது எதேச்சையாக அவள் பிடரியில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. கால்கள் அதைவிடக் குளிர்ந்திருந்தன.

சுமப்பவர் நடக்கிறார், அவர் உடல் சூடாகிறது. சுமக்கப்படும் குழந்தையோ அசையாமல் காற்றில் உட்கார்ந்திருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுடையதைவிட அதிகம். ஆகவே வெப்பம் விரைவாக வெளியேறுகிறது. நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் கைக்குழந்தைக்கு மிகக் குறைவு. குளிர் மிகுந்தால் அழுவதற்குப் பதிலாகச் சோர்ந்து அடங்கிவிடவும் கூடும். நாங்கள் சமர்த்து என்று எண்ணியது அதுவாகவும் இருந்திருக்கலாம். உங்கள் உடல் உணரும் சூட்டை வைத்துக் குழந்தையின் நிலையை அறிய முடியாது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சதூரம்தான்" என்றார் கணவர். நான் மறுத்துவிட்டேன். காற்று படாத ஓரிடத்தில் பாறையோரமாக அமர்ந்து, குழந்தையை என் நெஞ்சோடு அணைத்துச் சால்வையால் மூடிப் பாலூட்டினேன். கால் மணி நேரத்தில் அவள் கால்களை உதைக்கத் தொடங்கினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அங்கே அமர்ந்திருந்தபோதுதான் அவற்றைப் பார்த்தேன். சாலைக்கு மேலே சரிவில் ஒரு தாய் ஆடும், அதன் காலோரம் ஒட்டியபடி ஒரு குட்டியும். இங்குள்ள வரையாடுகள் மனிதர்களைக் கண்டு அதிகம் மிரள்வதில்லை. அதுவே அவற்றுக்கு ஆபத்தாகவும் ஆகிறது. சில நிமிடங்களில் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் பிஸ்கட்டை நீட்டினார். இன்னொருவர் தற்படம் எடுப்பதற்காகத் தாய்க்கும் குட்டிக்கும் இடையில் போய் நின்றார். காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் தாய் ஆடு பாறைமேல் தாவிவிட்டது. குட்டி கீழே நின்று கத்தியது.

காலையில் பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் என் மகளின் கன்னத்தைக் கிள்ளியதும், அனுமதி கேளாமல் படம் எடுத்ததும் நினைவுக்கு வந்தன. அன்பினால்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு கையும் நீண்டபோது நான் அவளை இறுக்கிக்கொண்டேன். தாவி ஏறுவதற்கு எனக்குப் பாறை இல்லை, அவ்வளவே வேறுபாடு. பிப்ரவரியில் நான் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சரிவில் இருந்தது.

சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் விலங்குகளைத் துன்புறுத்துவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. குப்பை என்றதும் நமக்கு நெகிழிப் புட்டிதான் தோன்றும். கைக்குழந்தையுடன் செல்பவர்கள் விட்டுவரும் டயாப்பரும் அதே நெகிழியால் ஆனதுதான். அதைக் காகிதத்தில் சுற்றிப் புதரில் வீசுவது, நம் குழந்தையின் கழிவை வேறொரு குட்டியின் மேய்ச்சல் நிலத்தில் விட்டுவருவதாகும். மூடியிட்ட பை ஒன்றில் கட்டி ஊருக்கே திருப்பி எடுத்து வருவது பெரிய சுமை அன்று.

அரசுகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நாட்டின் எல்லாத் தேசியப் பூங்காக்களின் நுழைவாயிலிலும் அப்படி ஓர் அறையும், குழந்தைக்கு உடைமாற்ற ஒரு மேசையும் அமைப்பதற்குக் காட்டில் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை. பூங்கா மூடப்படும் மாதங்களை விடுதி முன்பதிவின்போதே தெரிவிக்கச் செய்தால், எங்களைப்போல் ஏமாந்து திரும்புவோர் குறைவர்.

அன்று நாங்கள் பாதை முடியும் இடம்வரை போகவில்லை. பாறையோரத்திலிருந்தே திரும்பிவிட்டோம். 2018-இல் இந்தச் சரிவுகளில் பூத்த நீலக்குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டு கழித்து 2030-இல் மீண்டும் பூக்க வேண்டும். அப்போது என் மகள் தன் காலாலேயே மேலே ஏறும் வயதில் இருப்பாள். விட்ட தொலைவை அப்போது நடந்துகொள்ளலாம். இந்த முறை போவதற்கு முன், வாசல் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே புறப்படுவோம்.