கேட்கப்படாத சம்மதம்

தாம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு மீனம்பாக்கத்து விமானங்களின் ஓசை பழகிப்போன ஒன்று. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் அமையும் என 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கென வரையறுக்கப்பட்ட 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஏகனாபுரம், நெல்வாய் முதலிய ஊர்களின் நஞ்சைகளும் ஏரிகளும் அடங்கின.

ஏகனாபுரத்து மக்கள் கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவுதோறும் கூடிப் போராடினர். அவர்களது மறுப்புக்குச் சட்டத்தில் இடமுண்டா? அரசும் தனியாரும் இணைந்து நடத்தும் திட்டத்திற்கு, நிலம் இழப்போரில் 70 விழுக்காட்டினரின் சம்மதம் தேவை என்கிறது 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். தமிழகத்தின் 1997ஆம் ஆண்டு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்திலோ அந்நிபந்தனை இல்லை. பரந்தூரில் கையாளப்பட்டது இச்சட்டமே!

தொழில் பெருகும், வேலை பெருகும் என்கின்றனர் ஆள்வோர். பெருகட்டும், ஆனால் உழுதவனைக் கேளாமல் அவனது வயலுக்கு விலை குறிப்பது நீதியாகுமா?

இதில் நமக்கும் பங்குண்டு. பெரும் திட்டம் வருமிடத்தில் மனைத் தரகரும் வருவார். 'விமான நிலையம் அருகில்' என்னும் விளம்பரம் நம் வீட்டு வாசலையும் எட்டும். ஏரியையும் வயலையும் மனையாக்கினால் நேர்வதென்ன என்பதை, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நாம் கண்டோமே!

ஆகவே, சேமிப்பை எடுத்து முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்: இது யாருடைய வயல்? எந்த ஏரியின் நீர்வழி? விற்றவர் மனமுவந்து விற்றாரா? நிலம், நாளைய தலைமுறைக்காக நம்மிடம் உள்ள அமானிதம்.