இரும்புச் சுவரும் நீர்த்தெள்ளும்

அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டி கடலோரக் காவல் படைத் தளத்தில் குரோமிய முலாம் பட்டறை ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடியது. தரை வழியே கசிந்த ஹெக்சாவலன்ட் குரோமியம் என்னும் நச்சு நிலத்தடி நீரில் கலந்து, பாஸ்கோடாங்க் ஆற்றை நோக்கி நகர்ந்தது.

1996இல் அந்த நீரோட்டத்துக்குக் குறுக்கே 46 மீட்டர் நீளம், ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழம், 0.6 மீட்டர் அகலத்துக்கு அகழி வெட்டி, அதில் இரும்புத் துகள்களை நிரப்பினார்கள். பம்பு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தண்ணீர் தானாகவே உள்ளே புகுந்து மறுபுறம் வெளியேறும். துருப்பிடிக்கும் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்க, நீரில் எளிதில் கரையும் நச்சுக் குரோமியம் அவற்றைப் பெற்று, கரையாத குரோமியமாக மாறி அங்கேயே படிந்துவிடும். இந்த இரும்புச் சுவரைத் தாண்டிய நீரில் குரோமியம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கும் கீழே போய்விட்டது.

குரோமியம் போனால் போதுமா? இத்தகைய சுவரிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் அற்றுப்போயிருக்கும், காரத்தன்மையும் ஏறியிருக்கும். அது மீனுக்கும் பூச்சிக்கும் ஒத்துக்கொள்ளுமா என்பதைக் குரோமியத்தை மட்டும் அளக்கும் கருவி சொல்லாது. உயிருள்ள ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

அதற்குத்தான் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு. வளர்ந்தாலும் ஐந்து மில்லிமீட்டர்தான். உடல் கண்ணாடி போலிருப்பதால், நுண்ணோக்கியில் இதயம் துடிப்பதையே பார்க்கலாம். பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளைச் சோதனை நீரில் விட்டு 48 மணி நேரம் காத்திருப்பார்கள். பிறகு குவளையை மெல்ல அசைப்பார்கள். 15 விநாடிக்குள் நீந்தாத குஞ்சு முடங்கியதாகக் கணக்கு. பாதிக் குஞ்சுகளை முடக்கும் அளவே நச்சின் அளவுகோல். குஞ்சுகள் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் பொருள் பொட்டாசியம் டைகுரோமேட், அதாவது இதே ஹெக்சாவலன்ட் குரோமியம்! லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராம் வரையிலான டைகுரோமேட்டே ஒரு நாளில் பாதியை முடக்கிவிடும்.

நம் ராணிப்பேட்டையிலும் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்திருக்கிறது. தொழிற்சாலைக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் உயிரோடிருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சுற்றுச்சூழல் விதி. ராணிப்பேட்டையில் சுத்திகரித்த நிலத்தடி நீருக்கும் இத்தகைய உயிர்ச் சோதனையை நடத்தி, முடிவை ஊர் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.