காசு கொடுத்து வாங்கிய புத்தகம் வாய் திறக்க மறுத்தால்...

இ-புக் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். நம் கம்ப்யூட்டரில் அல்லது போனில் திறக்குமா என்று பார்க்கிறோம். அதனைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டுமா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

என் அக்கா மகனுக்கு டிஸ்லெக்ஸியா. கண்ணில் குறை எதுவும் இல்லை, கணக்கில் புலி. ஆனால் நெருக்கமாக அச்சான ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் களைத்துவிடுவான். எழுத்துகளுக்கும் வரிகளுக்கும் இடையே இடைவெளியைக் கூட்டி, கம்ப்யூட்டர் குரலைக் கேட்டபடியே கண்ணால் தொடர்ந்தால் மளமளவென முடித்துவிடுவான். சென்ற ஆண்டு கல்லூரிப் பாடத்திற்காக அவனுக்கு ஓர் இ-புக் வாங்கினோம். விற்ற நிறுவனத்தின் புரோகிராமில் மட்டுமே அது திறந்தது. பாண்ட் மாற்ற வழியில்லை, குரலும் இல்லை. டெக்ஸ்ட்டை வேறு புரோகிராமிற்குக் கொண்டு போகலாம் என்றால் காப்பி கட்டளை மங்கிக் கிடந்தது. கடைசியில் அக்காதான் தினமும் மாலையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

காரணம், டி.ஆர்.எம். எனப்படும் டிஜிட்டல் பூட்டு. ஒரு புரோகிராம் வாசித்துக் காட்ட வேண்டுமானால், பைலில் உள்ள எழுத்துகள் அதன் கைக்கு வர வேண்டும். எழுத்துகளை வெளியே விடாமல் காப்பதுதான் பூட்டின் வேலை. கேட்பவர் திருடனா, படிக்கச் சிரமப்படும் மாணவனா என்று அதற்குத் தெரியாது.

இந்தச் சண்டை பழையது. 2009 பிப்ரவரியில் அமேசான் வெளியிட்ட கிண்டில் 2, புத்தகங்களை வாசித்துக் காட்டியது. ஆடியோ புத்தக விற்பனை பாதிக்கும் என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்ட் எதிர்த்தது. அதே மாதத்திலேயே அமேசான் இறங்கி வந்து, எந்தப் புத்தகம் பேசலாம் என்பதை உரிமையாளர்களே முடிவு செய்யலாம் என்றது. ஏப்ரலில் நியூயார்க்கில் அந்தச் சங்கத்தின் அலுவலகம் முன் பார்வையற்றோரும் டிஸ்லெக்ஸியா உள்ளவர்களும் போராட்டம் நடத்தினர். இலவசமாக எதையும் அவர்கள் கேட்கவில்லை. வாங்கும் புத்தகத்தைப் படிக்க விடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

அமெரிக்காவில் 1998ல் வந்த சட்டப்படி இத்தகைய பூட்டை உடைப்பது குற்றம். பேச மறுக்கும் இ-புக்குகளுக்கு 2003ல் ஒரு விலக்கு தந்தார்கள். அதிலும் ஒரு நிபந்தனை: அந்த நூலின் எல்லா இ-புக் பதிப்புகளும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்! விலக்கின் ஆயுளும் 3 ஆண்டுகள்தான். பிறகு மீண்டும் கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. 2012 காப்புரிமைத் திருத்தம், மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூலை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைத்தால்தான் தண்டனை. மாற்றுத் திறனாளிகள் பட்டியலில் டிஸ்லெக்ஸியா 2016 சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் சாவியை யார் தருவார்? ஐரோப்பாவில் கேள்வியை விற்பவர் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025 ஜூன் 28 முதல் அங்கே, இ-புக்கின் பூட்டு இத்தகைய வசதிகளைத் தடுக்கக் கூடாது என்பது விதி. இதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் என்ன செய்யலாம்? பி.டி.எப். பைல் என்றால் அடோப் ரீடரில் திறந்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். செக்யூரிட்டி டேபில், ஆக்சஸிபிலிட்டிக்காக காப்பி செய்ய அனுமதி உண்டா என்பது தனி வரியாக இருக்கும். அனுமதி இருந்தும் குரல் வரவில்லையா? பக்கங்கள் வெறும் ஸ்கேன் படங்களாக இருக்கலாம். அது பூட்டின் குற்றமல்ல.

இபப் வகைப் புத்தகங்களுக்குத் தோரியம் ரீடர் என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்திடுங்கள். வாசித்துக் காட்டும், இடைவெளியைக் கூட்டலாம், டிஸ்லெக்ஸியாவிற்கென வடிவமைத்த ஓப்பன் டிஸ்லெக்ஸிக் பாண்ட்டும் உண்டு. எல்.சி.பி. என்ற பூட்டு போட்ட புத்தகங்களும் இதில் திறந்து பேசும். பூட்டும் குரலும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. வேறு பூட்டுகள் போட்டவை இதில் திறக்காது. எனவே பணம் கட்டும் முன், சாம்பிள் பக்கங்கள் தருகிறார்களா என்று பார்த்து, அவற்றை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் குரல் புரோகிராமில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.