புது மண்ணில் கால் வைக்கும் முன்னே



கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்த நம் பாட்டன் பாட்டிமார்களுக்கு இங்கே சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. இருந்தாலும் லயத்து வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு பாத்தி கீரை இல்லாமல் அவர்கள் இருந்ததில்லை. லயத்தை இடித்துத் தள்ளிய பிறகும், அங்கே ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதற்குச் சாட்சியாக அந்த முருங்கை மட்டும் நின்றுகொண்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இன்று நம்மில் பலர் 60 வயதில் தோட்டத்தை விட்டு வெளியேறுகிறோம். ஒருவர் சேமநிதிப் பணத்தில் அரை ஏக்கர் வாங்குகிறார். இன்னொருவருக்கு மகன் கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் அமைகிறது. ஊரான் காட்டை வெட்டிய கை, இனித் தன் காட்டை வெட்டப் போகிறது. இதைவிட மகிழ்ச்சி வேறு என்ன வேண்டும்! ஆனால் நிலத்துக்கு வேலி போடும் முன்னே உடம்புக்கு வேலி போட வேண்டும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஒரு சின்னக் காயம்

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். வயது 61. பதினோரு வருடமாகச் சர்க்கரை வியாதி. பால்வெட்டில் தொடங்கி செம்பனைக் குலை வெட்டு வரை எல்லா வேலையும் பார்த்தவர். வேலையை விட்டதும் அரை ஏக்கர் லாலாங் காட்டை வாங்கி, மறுநாளே சங்குலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நவம்பர் மாதம். நல்ல மழை. மண் சேறாகக் கிடந்தது. காலில் செருப்பு கூட இல்லை.

"இந்தாங்க, அந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டுப் போனா மண்ணு கோவிச்சுக்குமா?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"தோட்டத்துலதான் துரைக்குப் பயந்து பூட்ஸ் போட்டேன். சொந்த மண்ணுலயும் போடணுமா?" என்பது அவர் பதில்.

மூன்றாம் நாள் கட்டை குத்தி, கட்டை விரல் ஓரம் கிழிந்தது. மஞ்சளை வைத்துக் கட்டினார். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்தது, வலி தெரியவில்லை. அடுத்த நாளும் அதே சேற்றில் இறங்கினார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். "மழையில நனைஞ்சதுதான்" என்று பனடோல் சாப்பிட்டார். பிறகு இருமல், மூச்சு வாங்கல். நாலாம் நாள் எழுந்து உட்கார முடியவில்லை. அந்த அம்மா யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். போனதும் டாக்டரிடம், "இவருக்கு இனிப்பு நீரு. காலில் காயத்தோட சேத்துல வேலை செஞ்சாரு" என்று சொன்னார். அந்த இரண்டு வார்த்தைதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. இரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். மண்ணில் வாழும் கிருமி இரத்தத்தில் இருந்தது.

வாரக்கணக்கில் ஊசி, அதன்பிறகு மூன்று மாதம் மாத்திரை. பிழைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று அந்த அம்மா இருந்திருந்தால், நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

மண்ணில் இருக்கும் எதிரி

அந்த நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். 1911-ஆம் ஆண்டு ரங்கூனில் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும், அவரோடு வேலை பார்த்த கிருஷ்ணசாமி என்பவரும் இதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். அதற்குப் பெயர் வைத்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டாண்டன், பிளெட்சர் என்ற இருவர். ஆகவே இது எங்கிருந்தோ வந்த நோய் அல்ல. நாம் மிதிக்கும் இந்த மண்ணிலேயே உள்ள நோய்.

இந்தக் கிருமி ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் இருக்கிறது. தோலில் உள்ள காயம் வழியாக உடம்புக்குள் போகும். பலத்த மழை காற்றில் கிளப்பிவிடும் நீர்த்துளியைச் சுவாசித்தாலும், சுத்தமில்லாத தண்ணீரைக் குடித்தாலும் வரலாம். திடகாத்திரமான ஆளை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை வியாதிக்காரர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், அதிகம் மது அருந்துபவர் ஆகியோரைத்தான் தேடிப் பிடிக்கிறது. இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை வியாதிக்காரர்கள். இதற்குத் தடுப்பூசி கிடையாது.

2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்குத்தான் அதிகம். ஆகவே புது நிலத்துக்குப் போகிற நம்மவர் எல்லாரும் முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் சொல்வதில் தவறில்லையே?

புது நிலத்தில் வேறு ஆபத்துகளும் உண்டு. எலி மூத்திரம் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். செம்பனைக் காட்டை ஒட்டிய நிலம் என்றால் எலிக்குக் குறைவிருக்காது. காட்டு ஓரம் என்றால் குரங்கு மலேரியா. நாம் பழைய காலத்தில் கண்ட மனித மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக வருவது இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலைச்சரிவில் காட்டை அழித்தபோது, நிழலில் இருந்த ஓடையில் வெயில் பட்டு, மலேரியாக் கொசு பெருகி நம் முன்னோர் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். புது மண்ணுக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமா?

போகும் முன் செய்ய வேண்டியவை

1. கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்ச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

2. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் உறை. பாம்புக்கும் இதுவே காவல். லாலாங்கை வெட்டும் முன் நீளக் குச்சியால் தட்டுங்கள். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. காலில் காயம் இருந்தால் அது ஆறும் வரை சேற்றில் இறங்க வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு, பாதத்தின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். உங்களால் குனிய முடியாவிட்டால் மனைவியையோ பேரப்பிள்ளையையோ பார்க்கச் சொல்லுங்கள்.

4. காலை 7 முதல் 10 வரை, மாலை 5-க்கு மேல். நடு வெயில் வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் பசியாறாமல் மண்வெட்டி பிடிக்கக்கூடாது. கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். சட்டைப் பையில் ரெண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

5. தோட்டத்து மருந்து டின்னையும் கேலனையும் தண்ணீர் பிடிக்கவோ விதை போடவோ எடுத்துவராதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது விஷப் பாத்திரம்தான். பராகுவாட் 2020 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய போத்தல் எங்காவது மூலையில் இருந்தால் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். விவசாய இலாகாவைக் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் வைத்திருக்காதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் மண்ணில் வேலை செய்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

தோட்டத்தை எப்படித் தொடங்குவது?

அரை ஏக்கரையும் ஒரே மாதத்தில் திருத்த வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை. இங்கே பெரட்டும் இல்லை, கங்காணியும் இல்லை. வீட்டுக்குப் பக்கமாக 20 அடிக்கு 20 அடி மட்டும் முதலில் திருத்துங்கள். வெட்டிய புல்லைக் கொளுத்த வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம், நெஞ்சுக்கும் கேடு. ஓரமாகக் குவித்து மக்கவிட்டால் அதுவே உரம்.

நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மண். மழை அதிகம் பெய்து சத்தை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து இரண்டு வாரம் விடுங்கள். பிறகு மக்கிய கோழி எருவைப் போடுங்கள். பச்சை எரு வேரைச் சுடும், ஈயும் பெருகும். பாத்தியை 4 அடி அகலத்துக்கு மேல் போடாதீர்கள். இரண்டு பக்கமும் நின்று கையெட்ட வேண்டும். உயரம் ஒரு அடி இருந்தால் மழையில் வேர் அழுகாது. முதுகு வலிக்காரருக்கும் நல்லது.

எதை நடுவது? சீக்கிரம் பலன் தருவதும் தாமதமாகத் தருவதும் கலந்து இருக்க வேண்டும். பாயாம் கீரையும் கங்கோங்கும் ஒரு மாதத்தில் பறிக்கலாம். வெண்டியும் பயற்றங்காயும் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம். கத்தரி இரண்டு மாதத்துக்கு மேல். பப்பாளியும் மரவள்ளியும் ஏறக்குறைய ஒன்பது மாதம். முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை மூன்றும் வேலி ஓரம். கீரையை ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் எப்போதும் கீரை இருக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது விதையையும் செடியையும் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவருவது குற்றம், செடி நோயும் கூடவே வரும்.

தண்ணீர்த் தொட்டிக்கும் பீப்பாய்க்கும் மூடி போடுங்கள். வாரம் ஒரு தடவை ஊற்றித் தேயுங்கள். பூந்தோட்டம் போட்டுவிட்டு டெங்கி வளர்க்கக்கூடாது.

பறித்ததைச் சாப்பிடும் முறை

ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி பழம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 2 கிலோ. கடையில் வாங்கினால் சம்பளத்தில் எவ்வளவு போகும்? தோட்டத்தின் இலாபம் இங்கேதான் இருக்கிறது. இரத்தச் சோகை உள்ள பெண்கள் கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சாப்பிடட்டும். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது.

ஆனால் கொல்லையில் காய்த்தது எல்லாம் மருந்து என்று நினைத்துவிடலாகாது. மரவள்ளிக் கிழங்கு ஜப்பான்காரன் காலத்தில் நம்மைக் காப்பாற்றியது உண்மைதான். தோலைத் தடிப்பாகச் சீவி, நன்றாக வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். சர்க்கரை உள்ளவர் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடலாம். சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் கிழங்கும் சோறும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். சாயுர் மானிஸ் கீரையை முட்டையோடு வதக்கிச் சாப்பிடுங்கள், பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரலே கெட்டுவிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பெலிம்பிங் பழத்தைத் தொடவே வேண்டாம். பாகற்காய் நல்லதுதான், அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது கெட்டது.

அந்தப் பெரியவரைப் போன மாதம் போய்ப் பார்த்தேன். நாலு பாத்தி கங்கோங், ஒரு பந்தல் பாகல், வாசலில் முருங்கை. படியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கவிழ்த்து வைத்திருந்தது. "இதைப் போடாம இவ கேட்டைத் திறக்க விடமாட்டேங்கிறா" என்று சிரித்தார். அந்த அம்மா ஒரு கட்டுக் கீரையை என் கையில் கொடுத்து, "வெறுங்காலோட தோட்டத்துக்குப் போறவங்க வீட்டுல பொம்பளைங்களுக்குச் சொல்லுங்க தம்பி" என்றார்.

சொல்லிவிட்டேன்.